வீடு கைமாறும்போது கிணற்றையும் எழுதுங்கள்

தகரத்தின் மேல் சின்னக் குழந்தை குதித்தால் 'டம் டம்' என்று ஒரு சத்தம் வரும். அடியில் மண் இருந்தால் அந்தச் சத்தம் உடனே அடங்கிவிடும். அடியில் வெற்றிடம் இருந்தால் பானைக்குள் பேசுகிற மாதிரி கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழவேற்காட்டில் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் அந்த இழுவைச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. தம்பி படகும் வலையுமாக இருப்பவன், பக்கத்துக் குப்பத்தில் தனக்கென்று வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். பூட்டிக் கிடந்த வீடு உப்புக்காற்றில் கரைந்துகொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பையனுக்கு மீஞ்சூர் பக்கம் வேலை. பெண் இங்கேயே பக்கத்துக் குப்பத்துப் பெண். கையில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. விலை பேசி முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அளவு பார்க்க வந்திருந்தார்கள்.

பெரியவர்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு முன்வாசலில் நிற்க, குழந்தை கொல்லைப்பக்கம் ஓடிவிட்டது. 'டம் டம்' என்றது. நான் ஓடிப் போய் அதை வாரி எடுத்தேன். அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"என்னாக்கா, என்னா ஆச்சு?"

"அடியிலே கெணறு இருக்கும்மா."

"கெணறா? நீங்க சொல்லவேயில்லையே!"

ஆமாம், சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவுமில்லை. சமையலறையைக் காட்டினேன், ஓடு மாற்றிய இடத்தைக் காட்டினேன், புயலில் விரிசல் விட்ட மேற்குச் சுவரைக்கூட ஒளிக்காமல் காட்டினேன். தெருக்குழாய் வந்த பிறகு அம்மா மூடிப் போட்ட கிணறு என் நினைவிலேயே இல்லை. மேலே பலகை, பலகைக்கு மேல் தகரம், தகரத்துக்கு மேல் பழைய வலை, காய்ந்த மட்டை. பலகை என்றைக்கோ செல்லரித்துப் போயிருக்கிறது. தகரம் மட்டும்தான் அந்தக் குழந்தையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் நான் மறந்திருக்கக்கூடாதவள். என் பத்தாவது வயதில், மூன்று வயதுத் தம்பி அதே கிணற்றில் விழுந்தான். அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு இறங்கித் தூக்கிவிட்டார். அவர் கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா சாகிறவரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். பழவேற்காட்டு மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். எங்களுடையது பன்னிரண்டு உறை இறக்கிய கிணறு. ஏரி உப்பாக இருந்தாலும் கிணற்றில் மழைத்தண்ணீர் மேலாக நிற்கும், குடிக்கலாம் போல இருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு கிணறு, தூர்ந்தோ மூடியோ எங்காவது இருக்கத்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் தங்கை ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் இருக்கிறாள். அங்கே அப்போது விடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி அவளோடு பேசினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அவள் தன் பழைய வீட்டை விற்றாள். பின்பக்கம் சின்ன நீச்சல்குளம் உள்ள வீடு.

"அக்கா, இங்க அதைச் சொல்லாம விக்கவே முடியாது, தெரியுமா?" என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. அவர்களுடைய குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2010 டிசம்பர் முதல், நீச்சல்குளம் உள்ள வீட்டை விற்பதானாலும் வாடகைக்கு விடுவதானாலும் 'குளம் பாதுகாப்பாக இருக்கிறது' என்று ஒரு சான்றிதழ் வேண்டும். உரிமம் பெற்ற பரிசோதகர் நேரில் வந்து பார்த்துக் கொடுப்பார். ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமான குளம் என்றால் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். சான்றிதழ் இல்லாமல் விற்பவர், ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே 'சான்றிதழ் இல்லை' என்று வாங்குகிறவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். வாங்கியவர் 90 நாளைக்குள் குறைகளைச் சரிசெய்து சான்றிதழ் எடுக்க வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ சௌத் வேல்ஸிலும் 2016 முதல் விற்பனை ஒப்பந்தத்தோடு இப்படி ஒரு சான்றிதழை இணைக்க வேண்டுமாம்.

பரிசோதகர் என்ன பார்ப்பார் என்று கேட்டேன். குளத்தைச் சுற்றி வேலி, உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. வேலிக்கு அடியிலோ கம்பிகளுக்கு நடுவிலோ 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து கூடாது. கதவு குளத்துக்கு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கையை விட்டால் தானாக மூடித் தானாகத் தாழ்ப்பாள் விழ வேண்டும். குழந்தை ஏறி நிற்கிற மாதிரி எதுவும் வேலிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது.

"என் வேலி நல்லாத்தான் இருந்திச்சு. பக்கத்தில ஒரு பெரிய பூந்தொட்டி வெச்சிருந்தேன். அதில கால் வெச்சுப் பிள்ளை ஏறிடும்னு முதல் தடவை சான்றிதழ் தரலை. தொட்டியை நகர்த்தின பிறகுதான் தந்தாரு" என்றாள்.

தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஆழம் நிற்கக்கூடிய குளம் என்றாலே அங்கே இந்தச் சட்டம் வந்துவிடுகிறது. முழங்காலுக்கும் கீழே! என் தலைக்கு மேல் இரண்டு ஆள் ஆழம் உள்ள கிணற்றுக்கு நான் ஒரு துருப்பிடித்த தகரத்தைப் போட்டு விற்கப் பார்த்தேன்.

காலையில் கணவரிடம் சொன்னதும் சிரித்தார். "நம்ம ஊர்ல எவன் வூட்டுல நீச்சல்குளம் கட்டியிருக்கான்?" என்றார். சரிதான். ஆனால் கிணறு இருக்கிறது, தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, செப்டிக் டாங்க் இருக்கிறது. குழந்தைக்கு எல்லாம் ஒன்றுதானே!

நீங்கள் வீடு விற்றோ வாங்கியோ இருந்தால், என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று தெரிந்திருக்கும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வீட்டுவரி ரசீது, மின்கட்டண ரசீது, எங்களைப் போலத் தாய் இறந்தபின் விற்பவர்களுக்கு வாரிசுச் சான்றிதழ். எல்லாம் 'இது யாருடையது, இதன் மேல் கடன் இருக்கிறதா' என்று சொல்லும் காகிதங்கள். 'இதற்குள் குழந்தை பத்திரமாக இருக்குமா' என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பத்திரம் எழுதுகிற பெரியவரிடம் போய் இதைக் கேட்டபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா எழுதறேம்மா. கிணத்துத் தண்ணியில பங்கு எவ்வளவுன்னு சண்டை போட்டிருக்காங்க. மூடி இருக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்லே."

ஆனால் அவர்தான் எனக்கு ஒரு நல்ல காரியம் செய்தார். எங்கள் தாய்ப்பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரத்தைப் படித்துக் காட்டினார். மனை, ஓட்டு வீடு, தென்னை மரம் இரண்டு, 'உறை கிணறு உள்பட' என்று தெளிவாக எழுதியிருந்தது. புதிதாக எழுதி வைத்திருந்த நகலில் அந்த வார்த்தையைக் காணோம். கொல்லையில் கிணறு கண்ணுக்குத் தெரியாததால், தூர்ந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். இப்படித்தான் கிணறுகள் காகிதத்திலிருந்து மறைந்துபோகின்றன. பூமியிலிருந்து மறைவதில்லை!

ஆகவே வீடு வாங்கப் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய பத்திரங்களை வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள். சொத்து விவரம் எழுதிய பக்கத்தை நீங்களே எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அதில் 'கிணறு' என்ற சொல் இருந்து, கொல்லையில் கிணறு இல்லையென்றால், அது உங்கள் காலடியில் இருக்கலாம். எங்கே போயிற்று என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் இதில் வாயே திறக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1882ல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55வது பிரிவு, விற்பவருடைய கடமைகளைச் சொல்கிறது. சொத்தில் ஏதாவது முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். மேற்குச் சுவரில் தெரியும் விரிசல் வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். மட்டைக்கும் வலைக்கும் கீழே இருக்கிற கிணறு நான் சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பேச்சு முடிந்த நாளிலிருந்து சாவி கொடுக்கும் நாள்வரை, புத்தியுள்ள ஒரு சொந்தக்காரர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிச் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும் விற்பவர்தான்.

ஆழ்துளைக் கிணறுகளுக்கு மட்டும் நம் நாட்டில் எழுதி வைத்த கட்டுப்பாடு இருக்கிறது. குழந்தைகள் விழுந்து விழுந்து இறந்த பிறகு வந்தது. 2010ல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதிகளின்படி, தோண்டுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தோண்டும் இடத்தில் அறிவிப்புப் பலகையும் வேலியும் வேண்டும், குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும். ஆனாலும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாலு நாள் நாம் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து அழுதோம். அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில், அவர்கள் சொந்த நிலத்தில், கைவிட்டு மறந்த துளைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட அறிக்கை, 2021ல் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்கிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். வங்காள தேசத்தில் நடந்த ஆராய்ச்சிகளில், சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் வீட்டுக்கு இருபது மீட்டருக்குள் இருக்கிற குட்டையில்தான் மூழ்குகிறார்கள் என்று தெரிந்தது. நேரம், காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் ஒன்றுவரை. நாம் சமையலறையில் இருக்கிற நேரம்! மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் பெண்களுக்கு அதுவும் இல்லை, மூத்த பிள்ளைதான் இளையதைப் பார்த்துக்கொள்ளும். 'பார்த்துக்கோ' என்று சொல்லிவிட்டுப் போவதை நான் குறை சொல்லமாட்டேன், என்னையும் தம்பியையும் அப்படித்தான் அம்மா வளர்த்தாள். கண் தப்புகிற அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் மூடி வேண்டும்.

மறுநாள் அந்தப் பெண்ணையும் அவள் மாமியாரையும் கூப்பிட்டு, தகரத்தை எடுத்துக் காட்டினேன். தண்ணீர் கறுப்பாக நின்றது. மாமியார் முதலில் கேட்டது, "இதைச் சொல்லாம ஏன் வெலை பேசினீங்க?" என்பதுதான். எனக்குப் பதில் இல்லை. தூர்த்துக் கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்வோம் என்றார்கள். உடனே என் பெரியம்மா, "கெணத்தைத் தூர்க்கக் கூடாதுடி, குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒரே பிடியாக நின்றாள். சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் உப்பு ஏறிக்கொண்டிருக்கிற எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் நிற்கிற கிணற்றை மண் போட்டு மூடுவது எனக்கும் மனசாகவில்லை. கூரைத் தண்ணீரை அதில் இறக்கினால் மழைநீர்ச் சேகரிப்பும் ஆயிற்று. 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம்தானே.

கடைசியில் இப்படிச் செய்தோம். பழைய உறைக்கு மேல் மூன்றடி உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அதன் மேல் கீல் போட்ட கம்பி வலை மூடி, அதற்குப் பூட்டு. கம்பிகளுக்கு நடுவே என் நான்கு விரல் நுழையாத அளவு சந்து. தங்கை சொன்ன பூந்தொட்டி ஞாபகத்தில், பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லைப் பெயர்த்துத் தூரத்தில் போட்டோம். கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொன்ன ஒரு விஷயம், யாரும் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது என்பது. வருஷக்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றில் கெட்ட காற்று தங்கியிருக்கும். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போன இன்னொருவரும் போய்ச் சேர்ந்த செய்திகளைப் படித்திருக்கிறோம்.

தரைத்தொட்டியின் இரும்பு மூடி ஓரமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. கடற்கரை ஊரில் இரும்பு மூடியை நம்பவே கூடாது. ஃபைபர் மூடி வாங்கிப் பூட்டுப் போட்டோம். செப்டிக் டாங்கின் மேல் பலகைக் கல் ஒன்று ஆடியது, சிமெண்டு வைத்துப் பூசியாயிற்று. அதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று ஒருவர் இறங்கத் தயாராக வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, உறிஞ்சுகிற லாரியை வரவழைத்தோம். பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார்.

செலவு? கிணற்றுக்கு ஆனதை நானும் தம்பியும் ஏற்றுக்கொண்டோம். ஃபைபர் மூடியை அவர்கள் வாங்கினார்கள். கணவர் பயந்தபடி விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு காகிதம். விற்பனை உடன்படிக்கையோடு சேர்த்து வைக்க ஒரு தாள் எழுதினோம். 'மனையின் வடகிழக்கில், வீட்டின் பின்சுவரிலிருந்து ஒன்பது அடி தள்ளி, பன்னிரண்டு உறை ஆழமுள்ள கிணறு ஒன்று உள்ளது. கைப்பிடிச் சுவரும் பூட்டுள்ள கம்பி மூடியும் போடப்பட்டுள்ளன. முன்வாசலில் இடதுபுறம் தரைத்தொட்டி, கொல்லையில் தென்மேற்கில் செப்டிக் டாங்க். இவை தவிர மனையில் வேறு குழி, தொட்டி, துளை எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை.' கீழே இரண்டு தரப்பும் கையெழுத்து, தேதி. கூடவே மூன்று போட்டோ. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் 'உறை கிணறு உள்பட' என்று மறுபடி சேர்க்கச் சொன்னேன். எந்த அலுவலகமும் இந்தத் தாளைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நமக்குள் எழுதிக்கொள்ள யார் தடுத்தார்கள்?

விற்பனையிலாவது வாங்குகிறவர் நாலு கேள்வி கேட்பார். அப்பா பிள்ளைக்கும் மாமியார் மருமகளுக்கும் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கும்போது ஒருவரும் கேட்பதில்லை, 'நம்ம வூடுதானே' என்று விட்டுவிடுவோம். வாடகைக்குப் போகிறவர்களும் அப்படியே. குழந்தை உள்ளவர்கள் தயவுசெய்து முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். காலால் தட்டிப் பாருங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட மனம் வரவில்லை. குழந்தை தண்ணீரில் விழுந்து எடுத்தால், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது, பானையின் மேல் கவிழ்த்து உருட்டுவது, உப்பில் கிடத்துவது எதுவும் செய்யாதீர்கள். நேரம்தான் போகும். ஒருவரை 108க்குப் பேசச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதத் தொடங்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அதன் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து நம் வாயால் மூடி, மார்பு எழும்புகிற அளவுக்கு மெதுவாக. பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தல், இரண்டு மூச்சு என்று உதவி வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். படித்தால் மட்டும் வராது. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடமோ முதலுதவி வகுப்பிலோ ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

பதிவு நாளன்று பத்திரம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் வாங்கும் பத்து லட்ச ரூபாய்க்கு மேற்படாத சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்காகத்தான் என்றார் அவள் கணவர். எதற்காக இருந்தால் என்ன! கிணற்றில் விழுந்து பிழைத்த என் தம்பி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைரேகை வைத்தான். தாளில் உறைக் கணக்கைச் சரியாகச் சொன்னவனும் அவன்தான்.

வெளியே வந்து சாவிகளைக் கொடுத்தேன். வாசல் சாவி, கொல்லைச் சாவி, கிணற்று மூடிச் சாவி. வாசல் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கிணற்றுச் சாவியை மட்டும் அவள் ஊக்கில் கோத்துப் புடவைக்குள் செருகிக்கொண்டாள். உப்புக்காற்றில் பூட்டு இறுகிப்போகும், மாசத்துக்கு ஒரு தரம் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடு என்று சொல்லிவிட்டுப் பொன்னேரி பஸ் ஏறினேன்.